விசிலுக்கு ஏமாறாத கோல்கீப்பர்

மழை பெய்தால்தான் எங்கள் ஊரில் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியில் வேலை பார்ப்பார். போர்வெல் போடும் அந்த லாரியோடு நாக்பூர், ராய்ப்பூர் என்று வடக்கே கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அங்கே மழை பிடித்து, காடெல்லாம் சேறாகி, வண்டி இறங்க முடியாமல் போனால்தான் ஊர் ஞாபகம் வரும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட லீவுக்காக மழையை வேண்டுவார்கள். நாங்கள் அப்பாவுக்காக, அதுவும் பார்த்தே இராத ஊர்களில் பெய்யச் சொல்லி வேண்டுவோம். டிவியில் வடநாட்டு வானிலையை எங்களைப் போல அக்கறையாகப் பார்த்த குழந்தைகள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பா ரிக் ஆபரேட்டர். துளை போடும் இயந்திரம் அவர் கையில். அவருடைய தம்பியான சித்தப்பா அதே வண்டிக்கு டிரைவர். அம்மாவின் தம்பியான மாமா, பூமிக்குள் இறக்கும் இரும்பு ராடுகளைத் தூக்கி மாட்டுகிறவர். அவர் கை எங்கள் வீட்டு முருங்கை மரத்தைவிடக் கொஞ்சம் தடிமன். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒரு வார்த்தை கேட்காது என்பதால் ரிக்காரர்கள் கையால்தான் பேசுவார்கள். முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கினால் 'நிறுத்து'. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் 'இறக்கு'. இரண்டு விரல் காட்டினால் 'அடுத்த ராடு வரட்டும்'.

அப்பா ஊரில் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டிலும் அதே பாஷைதான். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே போவாள், அவர் முஷ்டியைத் தூக்குவார். இரண்டு விரல் காட்டினால் இன்னும் இரண்டு தோசை என்று அர்த்தமில்லை, அடுத்த தோசை வரட்டும் என்று அர்த்தம். இது தெரியாமல் ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா அவருக்குத் தோசையாக அடுக்கிவிட்டாள். பாவம், மனுஷன் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

ஊர் திரும்பிய ஆட்கள் சும்மா இருந்தால் சீட்டாடிக் கெட்டுப்போவார்கள் என்று பயந்து, வண்டி முதலாளி அவர்களுக்கு ஒரு பந்தை வாங்கிப் போட்டார். அவர் ஹாஸ்டலில் படித்த காலத்தில் ஃபுட்பால் பைத்தியமாம். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் அணி, அப்பாதான் கோல்கீப்பர். மூன்றாம் டிவிஷன், அதிலும் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கிடைத்துவிடும். அந்த வருஷம் சேலத்தில் எல்லா டிவிஷன்காரர்களும் சேரலாம் என்று ஒரு கோப்பைப் போட்டி நடந்தது. முதல் சுற்றில் எதிரணி வரவேயில்லை. இரண்டாவது சுற்றில் பெனால்டியில் தப்பித்தோம். மூன்றாவது சுற்றில் வந்து விழுந்தது சேலத்து முதல் டிவிஷன் அணி. கோப்பையை அதற்கு முந்தின வருஷமும் அவர்கள்தான் வைத்திருந்தார்கள்.

அதற்குள் வடக்கே மழை விட்டுவிட்டது. நாக்பூர் ஏஜென்ட் தினமும் போன் போட்டு வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளிக்கோ கோப்பை ஆசை. எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டார்:

"கப்புல இருக்கற வரைக்கும் வண்டி கெளம்பாதுங்க. தோத்தா அடுத்த நாளு காலையில கெளம்பிக்கலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஜெயித்தால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரை அப்பா வீட்டில். தோற்றால் பொங்கலுக்குத்தான். கோப்பை யாருக்கு வேண்டும்? எனக்கு அந்த ஒரு வாரம் வேண்டும்.

சேலம் சூரமங்கலத்தில் மைதானம். ஒரு பக்கம் முழுக்க ரோடு, கேட்டை ஒட்டி டவுன் பஸ் ஸ்டாப். ரிக்கோடு போகிற சப்போர்ட் லாரியில் ஊரே ஏறி வந்திருந்தோம். அதுவரை ஒரு மேட்சுக்கும் வராத அம்மாகூட வந்தாள். வந்தவள் நிழலில் உட்கார மாட்டேனென்று, அப்பா நிற்கிற கோல் போஸ்ட்டுக்குப் பக்கவாட்டில், அவர் திரும்பினால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வெயிலில் நின்றுகொண்டாள். இரண்டாம் பாதியில் அவர் பக்கம் மாறியபோது இவளும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாறினாள். பாசம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரணி வந்து இறங்கியதைப் பார்க்கவே பயமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே சிவப்புச் சட்டை, ஒரே மாதிரி காலுறை. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கத் தனியாக ஒரு ஆள்! எங்கள் அப்பா போட்டிருந்ததோ ரிக்கில் போடும் தோல் கையுறை. ரெஃப்ரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். டீசல் வாடை அடித்திருக்கும். விதியில் டீசலைப் பற்றி ஒன்றும் இல்லை போலும், விட்டுவிட்டார்.

ஆரம்பித்த சூட்டோடு ஒரு கோல் வாங்கினோம். எங்கள் பக்கத்தில் குடை பிடித்து நின்ற சேலத்துப் பெரியவர் ஒருவர், "நாலு அஞ்சு விழும்மா, மனச தேத்திக்க" என்று அம்மாவிடம் ஆறுதலாகச் சொன்னார். விழவில்லை. அந்தப் பாதி முழுக்க அப்பா ஒற்றை ஆளாக நின்றார். காலால் தடுத்தார், நெஞ்சால் தடுத்தார், ஒரு பந்தை முகத்தால் தடுத்து மூக்கில் ரத்தத்தோடு எழுந்தார். ஒவ்வொன்றுக்கும் பெரியவர் குடையை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

பிறகு எங்கள் மாமா பந்தைக் கையில் எடுத்தார். பக்கக்கோட்டிலிருந்து எறிகிற த்ரோதான். ஆனால் நாளெல்லாம் ராடு தூக்குகிற கை அல்லவா! அவர் விட்ட எறி எல்லோர் தலைக்கும் மேலே பறந்து, யார் மேலும் படாமல் நேராகக் கோலுக்குள் விழுந்தது. எங்கள் ஊரே குதித்தது. சித்தப்பா மாமாவைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல் இரண்டு பேரும் விழுந்தார்கள். ரெஃப்ரி சாவகாசமாக வந்து, கையால் எறிந்த பந்து நேராக உள்ளே போனால் கோல் கிடையாது என்றார்.

"என்னுங்க அநியாயமா இருக்குது! உள்ளதான போச்சு?" என்று மாமா கேட்டார். சேலத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு சுற்றுத் தாண்டி வந்து மானம் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாம் பாதியில் மறுபடி அதே இடத்தில் த்ரோ. எறிவதற்கு முன்னால் மாமா உள்ளங்கையை மெல்லக் கீழே அமுக்கிக் காட்டினார். இறக்கு. சேலத்துக்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து இந்த முறை தணிந்து வந்தது. கோல் வாயில் நின்ற சித்தப்பா அதற்குத் தலையைக் காட்டினார், அவ்வளவுதான். ஒன்றுக்கு ஒன்று.

அதன்பிறகு எதிரணிக் கோச் தொண்டை கிழியக் கத்தினார். "அவனைப் பிடி, இவனை விடாதே" என்று அவர்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஒரு சத்தமில்லை. குடைப் பெரியவருக்குத் தாங்கவில்லை.

"என்னம்மா, உங்க ஆளுங்க ஒருத்தரும் வாயே தொறக்கல?"

"எங்க ஊட்டு ஆளுங்க எல்லாம் அப்பிடித்தானுங்க" என்றாள் அம்மா. கண்ணை மட்டும் அப்பாவிடமிருந்து எடுக்கவில்லை.

அப்பா ஒரு பந்தைப் பிடித்து, இரண்டு விரலை உயர்த்தினார். அடுத்த ராடு. அவர் உதைப்பதற்கு முன்பே சித்தப்பா ஓட ஆரம்பித்துவிட்டார். எங்கே ஓடுகிறான் இவன் என்று சிவப்புச் சட்டைகள் பார்த்து முடிப்பதற்குள் பந்து அவர் முன்னால் போய் விழுந்தது. அந்த ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒருவரை இடப்பக்கம் ஏமாற்றி, இன்னொருவரைத் தாண்டி, கோல்கீப்பரின் கால் இடுக்கில் தட்டிவிட்டார். இரண்டுக்கு ஒன்று! முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

இனி நேரத்தைக் கடத்தினால் போதும். அப்போதுதான் அது நடந்தது. சிவப்புச் சட்டை ஒன்பதாம் நம்பர் பந்தோடு எங்கள் கோலை நோக்கி வந்தபோது 'பீப்' என்று விசில் கேட்டது. எல்லோரும் நின்றார்கள். மாமா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். ஒன்பதாம் நம்பரும் நின்று ரெஃப்ரியைப் பார்த்தான். ரெஃப்ரியோ நானில்லை, ஆடு, ஆடு என்று கையை வீசினார். விசில் அடித்தது கேட்டுக்கு வெளியே டவுன் பஸ் கண்டக்டர்!

ஒன்பதாம் நம்பர் சுதாரித்து உதைக்கக் காலைத் தூக்கினான். ஆனால் மைதானத்தில் ஒரே ஒருவர் மட்டும் நிற்கவேயில்லை. அவன் நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்திலும் அப்பா ஓடி வந்துகொண்டே இருந்தார். அவன் கால் பந்தில் படுவதற்கும் அவர் அதன்மேல் பாய்வதற்கும் சரியாக இருந்தது. எழுந்தபோது பந்து டீசல் கையுறைக்குள் இருந்தது.

"அடேங்கப்பா!" என்று பெரியவர் குடையையே கீழே போட்டுவிட்டார். "அத்தன பேரும் விசிலுக்கு ஏமாந்தானுங்க, இவர் ஒருத்தர் ஏமாறல பாரு! என்னா கவனம், என்னா கவனம்! யாரும்மா இவரு?"

"எங்கப்பா!" என்று நான் கத்தினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அந்த வார்த்தையை அவ்வளவு திமிராகச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் உண்மையான விசிலும் அடித்தது. நீளமாக, மூன்று முறை. எங்கள் ஊர் மொத்தமும் மைதானத்துக்குள் பாய்ந்தது. சேலத்துக்காரர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் கோலுக்கு முன்னால் முழங்காலை மடித்து, கையை விரித்து, அடுத்த பந்துக்குத் தயாராக அப்படியே நின்றார். அம்மா முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். நிறுத்து. அவர் அவளைப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார், பிறகுதான் சிரித்தார். ஜெயித்த பிறகும் அசராமல் நிற்கிறாரே, இவரல்லவோ வீரர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் இதையே சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் அப்பாவைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் ரிக்கை விட்டு ஊரோடு வந்து ஆடு வளர்க்க ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அப்பா யோசிக்கவேயில்லை.

"இதே சேலத்துல ஒரு மேட்ச் ஆடுனமுங்க, அப்பவே கேக்காதுங்க. திடீர்னு எல்லாரும் நின்னுட்டாங்க. ஏன் நின்னாங்கன்னு எனக்குத் தெரியிலீங்க. பந்து வந்துச்சு, புடிச்சுப் போட்டேன்."

அம்மாவுக்கு மட்டும் தெரியும். காது போனவனை யார் ஆபரேட்டர் சீட்டில் உட்கார வைப்பார்கள் என்று இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. கம்ப்ரசர் இல்லாமல் அந்தக் காதுக்கு இன்னொரு வாரம் ஓய்வு கிடைக்க வேண்டுமென்று அவளும் என்னைப் போலவே வேண்டிக்கொண்டுதான் வெயிலில் நின்றிருக்கிறாள். நல்ல காதுள்ள கோல்கீப்பர் அன்றைக்கு விசிலுக்கு நின்றிருப்பார். என் அப்பா காதில்லாமலேயே முதல் டிவிஷனை மடக்கினார். என் பெருமையில் ஒரு துளி குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மேட்ச் நடந்த அன்று பொழுது சாய, சப்போர்ட் லாரியில் ஊர் திரும்பினோம். டீ குடிக்க ஓரிடத்தில் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், வண்டி இன்ஜினும் அணைந்திருந்தது. மேலே அப்பாவும் அவர் மடியில் நானும்தான். அவர் காதோரம் வாயை வைத்து, "அப்பா, இன்னும் ஒரு வாரம்!" என்றேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேராகக் கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினேன். உடனே முகம் மலர்ந்து அவரும் ஒரு விரலைக் காட்டினார். வாயால் சொன்னால் திரும்பாதவர் என் ஒரு விரலுக்குச் சிரிக்கிறாரே, இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமேயான ரகசியம் என்று நான் பூரித்துப்போனேன்.