அந்தம்மா போய்ட்ச்சு

ஸ்டாம்ப் பேடு மையோட வாசனை யாருக்காவது ஞாபகம் இருக்கா... அதோட கொஞ்சம் கருவாட்டு வாடையும் சேர்ந்தா, அதுதான் எனக்குக் கோட்டூர்புரம்.

நான் போஸ்ட்மேனா அந்த ஏரியாவுக்குப் புதுசா வந்த சமயம். முதியோர் பென்ஷன் அப்பல்லாம் மணியார்டர்லதான் வரும். ஆத்தோரக் குடிசைங்க பக்கம் என் சைக்கிள் திரும்பினாலே நாலஞ்சு பேர் கட்டை விரலைத் தயாரா வெச்சுக்கிட்டு நிப்பாங்க. முதல் விரல் எப்பவும் கன்னியம்மாவோடது. கருவாடு விக்கிற அம்மா. கைநாட்டு வெச்சிட்டு, மையை என் காக்கிச் சட்டையிலயே துடைச்சிடும்.

"தொவைக்கத்தான் பொண்டாட்டி கீதே"ன்னு ஒரு சிரிப்பு வேற.

வீட்டுல அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிப்பேன்.

ஒரு மாசம் போறேன்... கன்னியம்மா வீட்டுத் தகரக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. பம்புல தண்ணி அடிச்சிட்டிருந்த பொம்பளையைக் கேட்டேன்.

"அந்தம்மா போய்ட்ச்சு சார்."

"அடப்பாவமே... எப்போ?"

"முந்தாநேத்து. வண்டி வந்து ஏத்திக்கினு போய்ட்ச்சு. ஒரே அழுவ."

இதுக்கு மேல என்ன கேக்கறது? மணியார்டர் பாரத்துல சிவப்பு மையில "பெறுபவர் காலமானார்"னு எழுதி, கையெழுத்து போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். அன்னிக்கு மத்தியானம் சோறு இறங்கல.

மூணாவது மாசம். போஸ்ட் ஆபீஸ்ல நின்னு தபால் பிரிச்சிட்டிருக்கேன்.

"நைனா..."

திரும்பிப் பார்த்தா கன்னியம்மா. மஞ்சப் பையோட, முழுசா. 

"ஆத்தோரத்தக் காலி பண்ணச் சொல்லி ஊருக்கு வெளிய கவர்மெண்ட்ல வூடு குட்த்தாங்க, போய்ட்டோம். துட்டு வர்லியேன்னு தாலுக்கா ஆபீஸ்ல போய்க் கேட்டா, நான் செத்துப்பூட்டேன்னு எழுதிக் கீதாம். எதிர்ல நிக்கறேன், அந்தாளு பேப்பரப் பாத்துக்கினே பேசறாரு. அங்க கருவாடு விக்கவும் எடமில்ல. இத நம்பித்தான் கஞ்சி. எந்தக் கட்டையில போறவன் எழுதனான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு நைனா."

கட்டையில போறவன் தலையை ஆட்டினேன்.

சொல்ல வாய் வரல. வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க. வேலை போயிடுமோன்னு ஒரு பக்கம்... இந்தம்மா பட்டினி கிடக்குமேன்னு ஒரு பக்கம். ராத்திரியெல்லாம் அந்தச் சிவப்பு மைதான் கண்ணுக்குள்ள. மறுநாள் லீவு போட்டுட்டு அவங்களைக் கூட்டிக்கிட்டுத் தாலுக்கா ஆபீஸ் போனேன்.

"இவங்க பேர்ல இறப்புப் பதிவு எதுவும் ஆகலைன்னு மாநகராட்சியில எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம், அந்தக் குறிப்பை எழுதினவர் அது தப்புன்னு கைப்பட எழுதித் தரணும்."

மாநகராட்சி ஆபீஸ்ல பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தனி ரூம். தலகாணி சைஸ்ல ஒரு ரிஜிஸ்டர். பக்கம் பக்கமா செத்தவங்க. கிளார்க் விரல் மெதுவா இறங்குது... நான் வேண்டாத சாமி இல்ல.

"கன்னியம்மா... இருக்கே சார்."

பக்கத்துல கன்னியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் கீறேனா அதுல?"ன்னு கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

"உங்க புருஷன் பேர் என்னம்மா?"

புருஷன் பேரை வாய் திறந்து சொல்லிப் பழக்கமில்ல அவங்களுக்கு. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். அந்த நேரத்துலகூட முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. மாசா மாசம் பாரத்துல பார்த்த பேர்... நல்லவேளை ஞாபகம் இருந்துச்சு.

"மாணிக்கம் சார்."

"இதுல ஏழுமலைன்னு இருக்கு. இவங்க வேற."

நான் அப்படியே சுவத்துல சாஞ்சிட்டேன்.

பதிவு இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வெளிய வந்து, வராண்டா பெஞ்சுல உக்காந்து, ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுத ஆரம்பிச்சேன். கன்னியம்மா எட்டிப் பார்த்தாங்க. படிக்கத் தெரியாது.

"இன்னா நைனா எழுதற?"

இதுக்கு மேலயும் மறைச்சா நான் மனுஷனே இல்ல.

"நான்தாம்மா எழுதினேன். நீங்க செத்துட்டீங்கன்னு."

வசவு வரும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

"யாரு சொன்னா?"

"பம்பாண்ட ஒரு பொம்பள... 'போய்ட்ச்சு'ன்னாங்க."

"போய்ட்டேன்தான். எங்கன்னு கேட்டியா?"

கேக்கல... எப்போன்னுதான் கேட்டேன்.

கிளார்க்கிட்ட பேடு வாங்கி, அந்தத் தாள்லயே அவங்க கைநாட்டும் வாங்கினேன். விரலைத் தூக்கிப் பார்த்துட்டு, பழையபடி என் சட்டையில துடைச்சாங்க. ஆனா சிரிக்கல. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு.

ஆபீஸ்ல மெமோ கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். பென்ஷன் திரும்பவும் வர ஆரம்பிச்சுது. ஆனா அது வேற ஏரியா, வேற போஸ்ட்மேன். அப்புறம் அவங்களை நான் பார்க்கவே இல்ல.

இப்ப நானும் பென்ஷன்காரன். போன வாரம் லைஃப் சர்டிபிகேட் எடுக்க ஒரு போஸ்ட்வுமன் பாலவாக்கத்துல என் வீடு தேடி வந்துச்சு. மையும் இல்ல, பேடும் இல்ல. மூஞ்சிக்கு நேரா போன்.

"சார், கண்ணைச் சிமிட்டுங்க."

சிமிட்டினேன். எடுக்கல. திரும்பவும்... எடுக்கல. ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. எதிர்லயே நிக்கிறேன், அந்தப் பொண்ணு போனையே பார்த்துட்டிருக்கு.

மூணாவது தடவை எடுத்துச்சு. நான் உயிரோடதான் இருக்கேன்னு மெசேஜும் வந்துடுச்சு.

அன்னிலேர்ந்து கன்னியம்மா ஞாபகமாவே இருக்கு. அவங்க குடி போன பக்கம் போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்க்கிற பசங்க சில பேரைத் தெரியும். ஒரு போன் போட்டா விசாரிச்சுச் சொல்லிடுவாங்க. நம்பரை எடுக்கறேன், வெச்சிடறேன்.

"அந்தம்மா போய்ட்ச்சு"ன்னு சொல்லிட்டாங்கன்னா... இந்த வாட்டியும் எங்கன்னு கேக்க எனக்கு வாய் வராது.