தயிர்சாதம் என்கிற ஆட்டக்காரர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மூன்று கடை வைத்திருக்கிறேன். எதிலும் முதலில் வந்துதான் பழக்கம்.

என் சாப்பாட்டுக் கடைக்குச் சாயங்காலத்தில் ஒரு தமிழ் டீச்சர் வருவார். கண்ணில் தூக்கம், கையில் இரண்டு போன். ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கேள்விப் போட்டி நடத்துவார்; அவர்கள் வீட்டிலிருந்தே பதிலை அழுத்துவார்கள். இன்னொன்றில் ‘தயிர்சாதம்’ என்ற பெயரில் அவரே சேர்ந்து ஆடுவார். எப்போதும் தயிர்சாதம்தான் கடைசி.

“என்ன டீச்சர், நீங்களே ஃபெயிலா?” என்று சிரித்தேன்.

“கடைசியா வர்ற பிள்ளை மறுநாள் ஆட வராது, அங்கிள். யாராவது கடைசியா வரணும் லா,” என்றார், ஆறிப்போன தோசையைப் பிய்த்தபடி.

சூடாக வேறொன்று போடச் சொன்னேன். ஜெயிப்பதில் எனக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் அவ்வளவு அலுப்போடு தினமும் உட்கார்ந்து, தெரிந்த பதிலைத் தப்பாக அழுத்த என்னால் முடியாது.