எறும்புக்கு வைத்த தண்ணீர்

மகள் டெங்குக் காய்ச்சலிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய அன்று, மாத்தளையில் எங்கள் தெருவுக்குக் கொசுப்புகை அடித்தார்கள். அந்தப் புகை நெடியில், இன்று காடு மூடிப்போன எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்த லயத்து அறைக்கு நினைவில் போய்விட்டேன். மழைக்காலம் முழுக்க அம்மா அங்கே கொசுவுக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டையில் யூகலிப்டஸ் இலையைப் போட்டுப் புகைப்பாள். மலையிலிருந்து காலோடு ஏறிவரும் அட்டைகளுக்காக வாசலில் சவர்க்காரக் கட்டியும் உப்பும் இருக்கும். வெயில் தொடங்கி எறும்புகள் சுவரோடு இறங்கிவந்தால், சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பால்மா டின்களுக்குள் நிறுத்திவைப்பாள். மறுபடி முதல் இடி கேட்டதும், "புள்ள, டின்னுத் தண்ணிய கொட்டிரு, கொசு குடிவந்துரும்" என்று அடுப்படியிலிருந்தே கத்துவாள். தண்ணீரைக் கொட்டும் சத்தமும் கூரைத் தகரத்தில் விழும் மழையும் ஒன்றாகவே கேட்கும்.

"அம்மா, ஜூஸ்ல எறும்பு!" என்று கட்டிலிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

பழக்கத்தில் ஒரு டின்னை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பிடிக்கக் கை வரவில்லை. வெறும் டின்னோடு திரும்பினேன்.

"என்னம்மா, இப்ப தண்ணிக்கும் பயமா?" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மிதந்த எறும்புகளை ஊதித் தள்ளிவிட்டு, கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

"ஒண்ணு ரெண்டு உள்ள போனா கண்ணு நல்லாத் தெரியும். குடி."

முகத்தைச் சுளித்தபடி முழுவதையும் குடித்தாள். எறும்புகள் சுவரில் அவைபாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.