இல்லாத நட்சத்திரம்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டார் மேடம். முதல் இரண்டு வருடம் அதைப் பாராட்டு என்று நினைத்து உச்சி குளிர்ந்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, வரைபடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் அடிக்குறிப்பின் நட்சத்திரக் குறியைத்தான் பிள்ளைகள் சொல்கிறார்கள் என்று. "ஸ்டாரைப் பாத்தியா? முதல்ல ஸ்டாரைப் பாரு!" என்று வகுப்புக்கு நாற்பது தடவை கத்துகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியின் கீழே, பதினெட்டு வருடமாக அவர் எடுப்பது தர்க்கத் திறனும் தரவு விளக்கமும் பொது அறிவும். எந்தப் பட்டம் படிக்கிற பிள்ளையும் வேலைத் தேர்வுக்காகக் கடைசி வருடம் அவரிடம் வந்து உட்கார்ந்தாக வேண்டும். புதிர்க் கணக்கில் வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வைத்துவிடுவார். எந்த நாட்டுக்கு எது தலைநகர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "உலகம் பூரா தெரியுது, வீட்ல காஸ் தீர்ந்தது மட்டும் தெரிய மாட்டேங்குது" என்பது அவருடைய கணவரின் நிரந்தரப் புகார். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? அது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்ததுதான் கோளாறு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுக்க வந்தது. நேர்முகத்துக்கு நாற்பது பேரை வடிகட்டித் தரச் சொன்னார்கள். கேள்வித்தாள் ஸ்டார் மேடத்தின் பொறுப்பு. பழைய தாளிலிருந்து ஒரு நூலகக் கணக்கை எடுத்துப் போட்டார். மொத்தம் நாலாயிரம் புத்தகம், அதில் நானூறு இரவல் போயிருக்கிறது. வட்டப்படத்தில் வரலாற்றுக்கு இருபது சதவீதம். வரலாற்றுப் புத்தகம் எத்தனை? விடை எண்ணூறு. இவ்வளவு சுலபமாக இருந்தால் எப்படி என்று கை அரிக்க, படத்தின் கீழே ஒரு நட்சத்திரம் போட்டு, 'இரவல் போனவை இதில் சேரவில்லை' என்று சேர்த்தார். இப்போது விடை எழுநூற்று இருபது. விடைக்குறிப்பில் அதை மாற்ற மறந்துபோனார்; நட்சத்திரம் போட்டதே அவர் நினைவில் நிற்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எதற்கெடுத்தாலும் "ஒரு சந்தேகம் மேடம்" என்று எழுந்து நிற்பதால் அவனுக்குச் சந்தேகம் என்றே பெயர். பட்டியல் ஒட்டியபோது அவன் நாற்பத்தொன்றாவது ஆள், ஒரே ஒரு மதிப்பெண்ணில். தேர்வறையிலேயே கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிவிட்டதால் கையில் எதுவும் இல்லாமல்தான் வந்து நின்றான்.

"ஒரு சந்தேகம் மேடம். நூலகக் கணக்குல எழுநூத்தி இருபதுதானே வரும்? இரவல் போனதைச் சேக்கலன்னு கீழ ஸ்டார் போட்டிருந்துச்சே."

"அந்தக் கணக்குல ஸ்டாரே இல்ல தம்பி. விடை எண்ணூறு. இல்லாததை இருக்குன்னு படிக்காதே."

"அவனுக்குப் பட்டப்பகல்லயே ஸ்டார் தெரியுது மேடம்!" என்றது பின் பெஞ்சு. வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். இன்றுவரை அவரைக் குத்துவது அந்தச் சிரிப்புதான்.

அன்று மத்தியானம் தாள்களைக் கட்டி அலமாரியில் வைக்கும்போது, மேல் தாளில் அவர் கைப்பட வைத்த நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. சொன்னால் மொத்தப் பட்டியலும் புரண்டுவிடும். அவருடைய வேலையோ வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. ஒரு மார்க்குதானே, நல்லாப் படிக்கிற பையன், இது போனால் இன்னொன்று என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கஷ்டமான கேள்வி வந்தால் விட்டுவிட்டு மேலே போங்கள், கடைசியில் திரும்பி வரலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை அன்று அவரே செய்தார். அந்த ஒரு தாளை மட்டும் உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பையன் அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் எழுந்து நிற்கவில்லை.

அவன் தன்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருப்பான் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அதற்கு மனதைத் தயார் செய்தும் வைத்திருந்தார்.

இந்த வருடம், அடிக்குறிப்புப் பாடம் முடிந்ததும், முன் பெஞ்சுப் பெண் அவரிடம் வந்து சிரித்தாள்.

"எங்க அண்ணனும் இதையேதான் சொல்வாங்க மேடம். உங்க ஸ்டூடண்டுதான். சந்தேகம்னு கூப்பிடுவாங்களாம்."

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். "என்னம்மா சொல்வான்?"

"இல்லாத ஸ்டாரை இருக்குன்னு படிச்சுக் கோட்டை விட்டுட்டேன், நீயாவது ஒழுங்காப் படின்னு. அப்புறம் எந்தப் பரீட்சையும் எழுதல மேடம். என் கண்ணையே நம்ப முடியலம்பாங்க. லாரி ஓட்டறாங்க. எங்க வீட்ல எந்த அப்ளிகேஷன் ஃபாரமும் நான்தான் நிரப்பணும்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவன் அவரை நம்பியிருக்கிறான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அண்ணனுக்குப் போன் போடும்மா" என்றார். கைப்பையிலிருந்து மடிப்பில் கிழிந்துபோன அந்தத் தாளை எடுத்தார். பெண் போனைப் போட்டு, மேடம் பேசுகிறார் என்று சொல்லி அவரிடம் கொடுத்தாள்.

"மேடமா! நல்லா இருக்கீங்களா? தங்கச்சி எதாவது வால்தனம் பண்ணுதா?" பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த நூலகக் கணக்குல ஸ்டார் இருந்துச்சுப்பா. நான்தான் போட்டேன். விடையை மாத்த மறந்துட்டேன். அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் வேலை போயிடுமோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். மன்னிச்சிடுப்பா."

உறுமல் நின்றது. வண்டியை அணைத்திருக்கிறான்.

"அப்போ நான் சரியாத்தான் படிச்சேனா மேடம்?"

"சரியாத்தான் படிச்சே. அவ்வளவு பேர்ல நீ ஒருத்தன்தான் படிச்சிருந்தே."

தங்கை மேடத்தின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சந்தேகம் மேடம்" என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "இதை ஒரு அஞ்சு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே? இப்ப எனக்கு எல்லாப் பரீட்சைக்கும் வயசு தாண்டிடுச்சு."