இரண்டாம் நம்பர் பொத்தான்

டெல்மர் கெய்ன்ஸ் ஐந்தடி நாலு அங்குலம். அதை யாரும் அவர் காதுபடச் சொல்வதில்லை. சொன்னால், தன்னுடைய லிங்கன் கார் எத்தனை அடி நீளம் என்று ஆரம்பித்து, சொன்னவர் வீட்டுக்குப் போக விடாமல் பேசுவார்.

டெட்ராய்ட்டை ஒட்டிய இங்க்ஸ்டரில் வீடு. பத்தொன்பது வயதில் அலபாமாவிலிருந்து வந்து லிங்கன் தொழிற்சாலையில் கதவு மாட்டும் வரிசையில் நின்றவர், தலை நரைத்தும் அங்கேயே நின்றார். தெருவில் ஒரு லிங்கன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் சரியாக இருந்தால் அன்று முழுக்க வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள்.

எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போனால் எந்தச் சபை என்று கேட்கிறார்களோ இல்லையோ, எந்தத் தொழிற்சாலை என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு கம்பெனி காரை வாசலில் நிறுத்துகிறவனை மனிதனாகவே மதிப்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் டெல்மர் காதலித்தது எர்லீனை. எர்லீனின் அண்ணன் ஹோரஸ் டல்லுக்கு வேலை லிங்கனுக்குப் போட்டியான காடிலாக் தொழிற்சாலையில். ஆறடி நாலு அங்குலம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்ததைவிட, வாசலில் மூக்கோடு மூக்கு நிறுத்தியிருந்த இரண்டு கார்களைப் பார்த்ததுதான் அதிகம்.

ஹோரஸின் மனைவி லொரெட்டா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தங்கை வீட்டில், சாப்பிட்ட பிறகு சீட்டாட்டம், அதில் டெல்மர்தான் அவருக்கு ஜோடி. மற்ற நாளில் தனியாக இருப்பார். அதைப்பற்றி அவர் புலம்பி யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போதகர் கைகுலுக்கி முடிக்கும் முன்பே, சபையின் பாதி ஆண்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே இரண்டாவது ஆராதனை நடக்கும். டெல்மர் போய் ஹோரஸின் காரில் உட்கார்வார். ஹோரஸ் வந்து டெல்மரின் காரில் உட்கார்வார். மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள், சாம்பல் கிண்ணத்தைத் திறந்து மூடுவார்கள், கண்ணாடியை ஏற்றி இறக்குவார்கள், பிறகு வெளியே வந்து தீர்ப்புச் சொல்வார்கள். எந்த இருக்கையிலும் உட்காரலாம், ஓட்டுகிற இருக்கையில் மட்டும் கூடாது. அதில் உட்கார்ந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தம். இதை யார் விதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேல் மீறாமல் இருந்தார்கள்.

"என்ன மச்சான் இது, காரா சவப்பெட்டியா?" என்பார் டெல்மர், காடிலாக்கின் பின்சீட்டிலிருந்து எழுந்து. "வெல்வெட்டைப் புசுபுசுன்னு வெச்சு பட்டன் பட்டனாத் தெச்சிருக்கான். அசந்து கண்ணை மூடினா மேல மூடியப் போட்டு ஆணி அடிச்சிருவாங்க."

"பழகிக்கறேன் மாப்ள. எப்பவோ ஒரு நாள் படுக்கத்தான போறோம்," என்பார் ஹோரஸ். "உன் வண்டில கடிகாரத்துல நகைக்கடைக்காரன் பேர் போட்டிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா தொப்பியக் கழட்டாம உள்ள உக்கார முடியல. அதையும் நகைக்கடைக்காரன்தான் அளவெடுத்தானா?"

"தொப்பி போட்டுட்டு உக்கார்ற ஆளு கோயிலுக்குள்ளயும் அப்படித்தான் உக்காருவான். அது உன் வளர்ப்பு."

எர்லீனிடம் தீர்ப்புக் கேட்டால், "ரெண்டுலயும் என் முதுகு ஒரே மாதிரிதான் வலிக்குது. கோழி ஆறிப்போறதுக்குள்ள வந்து சேருங்க," என்பாள். புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் காலம் தள்ளுகிற பெண் வேறென்ன சொல்வாள்!

இப்படி விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி வந்தால் தானாகத் தணிந்துகொள்ளும் முன்விளக்கு ஹோரஸின் காரில் வந்தபோது, தன் காரில் முன்விளக்கையே மூடி மறைக்கும் கதவுகளைக் காட்டி டெல்மர் சமாளித்தார். இறங்கி வீட்டுக்குள் போகும்வரை அணையாமல் எரியும் விளக்கு வந்தபோது, "ஏன், வீட்டு வாசல் எதுன்னு மறந்துபோச்சா?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தார்.

ஒரு வருஷம் வசந்தத்தில் ஹோரஸ் புதுக் காடிலாக் வாங்கினார். அதில் ஓட்டுகிறவரின் இருக்கைக்கு ஞாபகசக்தி இருந்தது. எவ்வளவு முன்னால், எவ்வளவு உயரம் என்று ஒரு தடவை சரிசெய்து வைத்துவிட்டால் போதும். யார் நகர்த்தி வைத்திருந்தாலும், கதவில் உள்ள பொத்தானை அழுத்தினால் அது தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். பொத்தான் இரண்டு. வீட்டில் கார் ஓட்டுகிறவர் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்று. கூடுதல் காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிற வசதி அது.

டெல்மரின் காரில் இப்படி எதுவும் இல்லை. அவருடைய லிங்கனுக்கு வயது கொஞ்சம் ஆகிவிட்டிருந்தது. கோடை முழுக்க, "இருக்கைக்கு ஞாபகம் வந்துட்டா ஓட்டறவனுக்கு மறதி வந்துரும்" என்று ஒப்பேற்றினார். சிரிப்பு முன்போல வரவில்லை.

அக்டோபரில் சபையின் ஆண்டுவிழா. வெளியூர் போய்விட்ட குடும்பங்கள்கூட வந்திருந்தன. ஹோரஸ் கதவைத் திறந்து வைத்து, இருக்கையை முன்னால் தள்ளிவிட்டு, ஒன்றாம் பொத்தானை அழுத்தினார். இருக்கை மெதுவாகப் பின்னால் போய், தாழ்ந்து, சாய்ந்து நின்றது. கூட்டம் ஆவென்று பார்த்தது. சிகாகோவிலிருந்து வந்த ஒருவர் டெல்மரின் தோளைத் தட்டி, "இதுக்கு மேல லிங்கன் எதுக்கு, விட்டுடலாம்ல?" என்றார்.

டெல்மருக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணு உனக்கு, சரி," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு யாருக்கு மச்சான்? வீட்டுல யாரு இருக்கா? லொரெட்டாவோட ஆவி வந்து ஓட்டுதா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹோரஸ் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் டெல்மருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். கதவை மெதுவாகச் சாத்தினார், ஏறினார், போய்விட்டார். அன்று சாப்பிட வரவில்லை. எர்லீன் அண்ணனுடைய தட்டை மேஜையிலேயே வைத்திருந்தாள். எடுக்கவும் இல்லை, டெல்மரோடு பேசவும் இல்லை.

டெல்மர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் கட்டுக்கடங்காது. திங்கட்கிழமை தொலைபேசியை எடுத்தார், வைத்தார். செவ்வாய்க்கிழமை எடுத்து எண்ணைப் பாதிவரை சுழற்றினார். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்வது அழகில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹோரஸ், சமையலறையில் காப்பிக் கோப்பையோடு விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு.

அதற்குப் பிறகு டெல்மரின் மண்டைக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. தன்மேல் கோபத்தோடேயே போய்விட்டாரா? கேட்க ஆளில்லை. எர்லீனிடம் கேட்கத் தைரியமில்லை.

சனிக்கிழமை சபையில் அடக்க ஆராதனை. திறந்திருந்த பெட்டிக்குள் ஹோரஸ் சாம்பல் நிறக் கோட்டில் படுத்திருந்தார். உள்ளே புசுபுசுவென்ற வெல்வெட், பட்டன் பட்டனாகத் தைத்தது. டெல்மர் அதைப் பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்று நினைத்தார். முன் வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மி அழுதார்.

வெளியே வந்தால் சவ வண்டி காடிலாக். அதுவரை சரி. பின்னால் குடும்பத்தார் ஏறிக்கொள்ள, சவ அடக்கத்தை நடத்திக் கொடுக்கும் அடக்க நிலையம் அனுப்பியிருந்த நீளக் கறுப்பு வண்டி லிங்கன்! சபை மூப்பர் ஒருவர், துக்கத்தைக் கொஞ்சம் இலேசாக்கலாம் என்று நினைத்தவர், டெல்மரின் காதில், "கடைசில ஜெயிச்சிட்டியேப்பா," என்றார்.

"வண்டியத் திருப்பி அனுப்புங்க," என்றார் டெல்மர்.

"என்ன?"

"ஹோரஸுக்குப் பின்னால லிங்கன் வரக்கூடாது. எழுந்து உக்காந்துருவான். அவன் வண்டிதான் வரணும்."

"அத யாரு ஓட்டுவா?"

எல்லோரும் டெல்மரைப் பார்த்தார்கள். எர்லீன் கைப்பையைத் திறந்து அண்ணனின் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

சபைக்கு எதிரேதான் ஹோரஸின் வீடு; வியாழக்கிழமையிலிருந்து யாரும் தொடாமல் காடிலாக் வாசலோரம் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் காத்த விதியை மீறி, டெல்மர் காடிலாக்கின் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, விழுந்தார். ஆறடி நாலு அங்குல மனிதர் பின்னால் தள்ளி, தாழ்த்தி வைத்திருந்த இருக்கை. கால் பிரேக்கை எட்டவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே வானம்தான் தெரிந்தது. இஞ்சினைக் கிளப்பிவிட்டு, இருக்கையை நகர்த்தும் விசையைத் தேடினார். கதவெல்லாம் விசை. எல்லாவற்றையும் வாய் வலிக்கக் கேலி செய்தவருக்கு எது எதற்கு என்று ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் ஏறியிருந்த எர்லீனின் கண்ணாடி இறங்கியது. இன்னொன்றை அழுத்தினால் அவளுடைய இருக்கை பின்னால் சாய்ந்தது.

"டெல்மர்!" என்றாள் எர்லீன்.

முன்னால் சவ வண்டி நகரத் தயாராக நின்றது. பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு கார்கள் வரிசையாகக் காத்திருந்தன. அடக்க நிலையத்து ஆள் வந்து கண்ணாடியைத் தட்டி, "ஐயா, கிளம்பலாமா?" என்றான். டெல்மரின் கண்ணில் அந்த இரண்டு பொத்தான்கள் பட்டன. ஒன்று ஹோரஸின் பொத்தான். அதை அழுத்திப் பிரயோசனமில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டை அழுத்தினார்.

இருக்கை முனகிக்கொண்டு நகர்ந்தது. முன்னால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு உயர்ந்தது. முதுகுப் பக்கம் நிமிர்ந்தது. டெல்மர் எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார். நின்றபோது அவருடைய பாதம் பிரேக்கின் மேல் இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் சரியாகப் பொருந்தின. சாலை தெரிந்தது. அவருடைய லிங்கன்கூட அவருக்கு இவ்வளவு அளவாக அமைந்ததில்லை.

டெல்மர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"வண்டி வாங்கின அன்னைக்கே அண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போய் அதுல உக்கார வெச்சான்," என்றாள் எர்லீன், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "'நீயும் டெல்மரும் ஒரே உயரம், ஆனா அவன் நிமிந்து உக்காருவான், நீயும் அப்படி உக்காரு'ன்னான். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். அவனா வந்து உக்காரட்டும்னான்."

டெல்மர் அந்தப் பொத்தானைப் பார்த்தார். "நான் அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு அப்புறம்..."

"அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணேன். அந்த ரெண்டாம் நம்பரை அழிச்சுத் தொலைண்ணா, இந்த மனுஷனுக்கு அந்த மரியாதை எதுக்குன்னேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்." எர்லீன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் சிரிச்சான். 'அவன் வாய் அப்படி, விடு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேற யாரு இத ஓட்டப்போறா?'ன்னான்."

சவ வண்டி நகர்ந்தது. டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். காடிலாக் சத்தமே இல்லாமல் அதன் பின்னால் கிளம்பியது. முதுகுக்குக் கீழே அந்தப் பட்டன் வைத்த வெல்வெட் அமுங்கிக் கொடுத்தது.

"மெத்தை நல்லாத்தான் இருக்கு, மச்சான்," என்றார் இரண்டு தெரு தாண்டியதும், முணுமுணுப்பாக.

"சத்தமாச் சொல்லு," என்றாள் எர்லீன். "அவன் முன்னாடி வண்டில இருக்கான்."

டெல்மர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.