காலடி அக்கா கண்டுபிடித்த துரோகி

சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான். படங்களுக்குச் சத்தம் சேர்க்கும் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் ‘காலடி அக்கா’. திரையில் யார் நடந்தாலும் அது அவள் நடந்த நடை. கதாநாயகி ஒயிலாகப் படியிறங்குவாள், சத்தம் இவளுடையது. வில்லன் சரளைக்கல்லில் ஓடுவான், மூச்சு வாங்குவது இவளுக்கு. பலகை, சிமென்ட், மணல் என்று கட்டம் கட்டமாகப் பிரித்த தரையில், திரையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நடப்பாள். கத்திக்குத்துச் சத்தத்துக்கு முட்டைக்கோஸ். எலும்பு முறிவுக்குக் கேரட். முத்தத்துக்குத் தன் புறங்கையையே முத்தமிடுவாள். இருபத்தாறு வருடத்தில் அந்தப் புறங்கை வாங்கிய முத்தங்களை எந்தக் கதாநாயகியும் வாங்கியதில்லை.

அவள் காதும் லேசுப்பட்டதல்ல. பக்கத்துத் தெருவில் பூனை நடந்தால், அது சாப்பிட்டுவிட்டு வருகிறதா, இனிமேல்தான் சாப்பிடப் போகிறதா என்று சொல்லிவிடுவாள். நம்பாதவர்கள் பூனையிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த வருடம் ஒரு சஸ்பென்ஸ் படம் வந்து சேர்ந்தது. கணவன் அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே குடியிருப்பவளோடு தொடர்பு வைத்திருக்கிறான். மனைவி வீட்டுக்குள் உட்கார்ந்தபடி அவன் படியேறும் சத்தத்தை வைத்தே அதைக் கண்டுபிடிக்கிறாள். பிறகு ஒரு கொலை. படத்தின் உயிரே படிக்கட்டில்தான் இருந்தது. இயக்குநர் நகம் கடிக்கும் ஆள். பத்து விரலும் தீர்ந்துபோய்ப் பேனா மூடியைக் கடிக்கத் தொடங்கியிருந்தார்.

“அக்கா, அவன் மூஞ்சியையே நான் காட்டப்போறதில்ல. நடக்கிற சத்தத்துலயே இவன் துரோகின்னு ஜனங்களுக்குத் தெரியணும்.”

“துரோகின்னா என்ன தம்பி, தனியா ஒரு கால் முளைச்சிருக்குமா?”

“நடந்து காட்டுங்கக்கா, பாத்துக்கலாம்.”

செருப்பும் ஷூவுமாகப் பதினேழு ஜோடி மாட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் சரிப்படவில்லை. பதினெட்டாவதாக, வீட்டில் கிடந்த கணவரின் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து, உள்ளே துணியை அடைத்துப் போட்டுக்கொண்டாள். இடது குதிகால் தேய்ந்த பூட்ஸ். ஒரு அடி கனமாக, ஒரு அடி கள்ளத்தனமாக விழுந்தது. திரையில் அந்தக் கீழ்வீட்டுக்காரியின் மூன்றாவது மாடி வந்ததும் சத்தம் நின்றது. பிறகு நிசப்தம்.

இயக்குநர் துள்ளிக் குதித்தார். “இதான்! இவன்தான் அயோக்கியன்!”

அயோக்கியனாக இருபது நாள் படியேறினாள் காலடி அக்கா.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலும் கீழுமாக ஏற்றி இறக்குகிறவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருந்தார். மாலை ஆறரைக்கு அவர் காலடி கீழே கிளம்பினால் நிற்காமல் வாசல்வரை வரும். இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை அது மூன்றாவது மாடியில் நின்றது.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வெங்காயம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. வியர்த்து விறுவிறுத்து நின்றார் மனிதர்.

“என்னங்க, வந்த சத்தமே கேக்கல?”

“சும்மாதான்.”

படத்தில் அந்தக் கணவனும் இதே ‘சும்மாதான்’ சொல்கிறான். மூன்றாவது மாடியில் இருப்பது தையல்காரம்மா. தனியாக இருப்பவள். தட்டு உடைகிற மாதிரி சிரிப்பாள்.

செவ்வாயும் புதனும் அதே கதை. வியாழனன்று அவர் சட்டையில் அறுந்துபோயிருந்த பொத்தான் முளைத்திருந்தது. அவள் தைக்கவில்லை! படத்துக்குச் சத்தம் ஒட்டியே பழகிப்போனவள், இப்போது தன் வீட்டுச் சத்தத்துக்கு ஒரு படத்தை ஒட்டிவிட்டாள் என்பது அவளுக்கே தோன்றவில்லை. இருபத்து மூன்று வருடமும் பொய்யா என்ற ஒரே கேள்விதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறரை. காலடி ஏறியது, நின்றது. அவள் வெறுங்காலோடு கிளம்பினாள். சத்தமில்லாமல் படியிறங்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கையும் களவுமாகப் பிடிக்கப்போகும் கோபத்தோடு திருப்பத்தில் எட்டிப் பார்த்தாள்.

கணவர் படியில் உட்கார்ந்திருந்தார். தொப்பை குறுக்கே நிற்க, நாக்கைத் துருத்திக்கொண்டு, பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா தன் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“இன்னிக்கும் அதே முடிச்சாண்ணே? கத்திரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா?”

“வேணாம்மா, புதுக் கயிறு.”

“என்னங்க நடக்குது இங்க?” என்றாள் காலடி அக்கா.

அவர் திடுக்கிட்டதில், ஏற்கெனவே கழற்றி வைத்திருந்த ஒற்றை பூட்ஸ் உருண்டு, படிப்படியாகக் குதித்துத் தரைத்தளம்வரை போனது.

“நீதானே போன ஞாயித்துக்கிழமை தலையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன? ‘இன்னொரு காலடிச் சத்தம் கேட்டா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்’னு. அதான் இங்கயே கழட்டிட்டு வர்றேன். மேல வந்து கழட்டினா உன் காதுல விழுந்துடுமே.”

“அப்ப அந்தப் பொத்தான்?”

“தெனமும் என் வாசல்ல உக்காந்து திணறுறாரேன்னு நான்தான் தச்சுக் குடுத்தேன்கா” என்றாள் தையல்காரம்மா.

காலடி அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அந்த மூச்சிலேயே நினைத்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

தையல்காரம்மா இடுப்பில் கைவைத்தாள். “ஏங்க்கா, எனக்குன்னு ஒரு ரசனை இருக்காதா?”

தட்டுகள் உடைந்தன. கட்டடமே அதிர்ந்தது.

“இருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று காலடி அக்கா எழுந்து இறங்கினாள். தரைத்தளத்தில் அந்த பூட்ஸ் கவிழ்ந்து கிடந்தது. எடுத்தாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு லிஃப்டுக்காக ஓடிய கால், தன் வீட்டுக்கு வரும்போது அவளுக்காகச் சத்தத்தை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஐந்து நாளாக ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. இப்படி ஒரு மனுஷனை எனக்குக் கொடுத்தாயே என்று, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே நன்றி சொன்னாள். பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

இரண்டாவது மாடி வரும்போது மேலிருந்து கணவரின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல்தான், ஆனால் அதில் ஒரு பெருமிதம்.

“நெசமாவே என்னைச் சந்தேகப்பட்டாளாம்மா? இந்த வயசுலயா?”