அப்பாவின் காலைக் காட்டிக் கொடுத்த அய்யன்

எங்கள் வீட்டில் ஏதோ செத்துக் கிடந்தது. சென்ற ஆண்டு ஆடி மாதம் முழுக்க நான் அப்படித்தான் நம்பினேன்.

காலையில் கூடத்துக்கு வந்தாலே மூக்கில் அடிக்கும். அழுகிய எலி வாடை. பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கினேன். ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். சாக்கடை மூடியைத் திறந்து கம்பியால் குத்திப் பார்த்தேன். மெத்தைகளை மாடியில் வெயிலில் போட்டேன். எலி கிடைக்கவில்லை. ஃபினாயில் ஊற்றினால் ஃபினாயிலும் எலியும் சேர்ந்து நாறின. சோற்றில் கை வைக்கவே குமட்டியது. அப்பா மட்டும் எதையும் தேடவில்லை. குளிர் என்று காலுறையைக் கழற்றாமல், காலையும் மாலையும் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

"ரிட்டயர் ஆன பொறவு ஒங்கப்பாவுக்குப் பக்தி முத்திப்போச்சுட்டி" என்று அம்மா சிரித்தாள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். ஓர் இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று தேடுவது என் வேலை. காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வருவேன். வீட்டு நாற்றத்துக்கும் அப்படித்தான் செய்தேன். எல்லாக் காரணங்களும் அடிபட்டுப் போயின. நாற்றம் அப்படியே இருந்தது.

அதே மாதத்தில்தான் குலசாமி பயணத்துக்கும் திட்டம் போட்டோம். எங்கள் அய்யனார் தேவதானத்துக்கு மேற்கே, மலைமேல் இருக்கிறார். அங்கே போவதற்குப் பழைய எஸ்டேட் ஜீப் பாதை ஒன்றுதான் வழி. தார் கிடையாது. டயருக்கு அடியில் உருளும் கற்கள், நடுவில் ஓடை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒரு வளைவில் வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப முடியும். அங்கே பின்பக்கமும் பள்ளம். நாலு ஜீப்புகள், குழந்தைகள் உட்பட இருபது பேருக்கு மேல். முதல் வண்டியை ஓட்டுபவர் எந்தத் தடத்தில் சக்கரத்தை வைக்கிறாரோ அதே தடத்தில்தான் மற்ற வண்டிகள் வரும். அந்த முதல் வண்டி எப்போதும் அப்பாவுடையது. இராணுவத்தில் லாரி ஓட்டியவர். அது எங்கள் குடும்பத்தில் அவருக்கு இருந்த பெரிய மரியாதை.

திட்டம் போடும் வேலையை என்னிடம் விட்டார்கள். எந்த வண்டிக்குப் பின் எந்த வண்டி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, டயரில் காற்று எவ்வளவு குறைக்க வேண்டும், இழுவைக் கயிறு யாரிடம், செக்போஸ்டில் யார் பேசுவது என்று எல்லாம் எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பெரியப்பா மகன் செல்வம் அண்ணனுக்கு அதில் எதுவும் தேவைப்படவில்லை. வாய் நிறையப் பான் மசாலாவை அடக்கிக்கொண்டு, என் துளசித் தொட்டியில் துப்பிவிட்டு வந்து கேட்பார்: "ஏட்டி மாரி, மேல பீரு வைக்க ஐஸ்பெட்டி கொண்டு போலாமா? பசங்க கேக்காய்ங்க."

"சாமி கும்பிடப் போறோம்ணே."

"கும்பிட்ட பொறவுதான்ட்டி. அதுக்கு முன்னாடி தொடுவமா?"

எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் அருவருப்பாக இருந்தது. அவர்கள் பேச்சு, சிரிப்பு, சுவரில் வடியும் சிவப்புக் கறை, அதற்கு மேல் அந்தப் பிண வாடை.

ஆடி முடியும் முன் பாதையின் கீழ்ப்பகுதியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். அப்பா ஓட்டினார். நான் பக்கத்தில். செல்வம் அண்ணன் பின்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டே போய், முன்சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. கீழே மரங்களின் உச்சி தெரிந்தது.

"சித்தப்பா, ஸ்டேரிங்குல என்னா கட்டு! பொறி பறக்குது!" என்று பின்னாலிருந்து விசில்.

அப்பாவின் நெற்றியில் வேர்வை. "பிரேக்கு லூசா இருக்குத் தாயி. பாத்து வையி" என்றார்.

மறுநாளே பட்டறையில் நின்று நாலு சக்கரத்தையும் கழற்ற வைத்தேன். லைனிங், டிரம், ஆயில், பைப் எல்லாவற்றையும் நானே தொட்டுப் பார்த்தேன். எதிலும் கோளாறு இல்லை. மறுபடி பூட்டி, மறுபடி கழற்றினேன். இல்லை. வீட்டுக்கு வந்து, நாள்பட்ட சர்க்கரை உள்ள அப்பாவிடம் சுகர் டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"பட்டாளத்துல பனியில ஓட்டுனவன்ட்ட வந்து கேக்கியா? போயி ஒஞ் சோலியப் பாரு!"

அப்பா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. வண்டியில் கோளாறு இல்லை. ஆனாலும் வண்டி நிற்கவில்லை. காரணம் தெரியாத ஒரு வண்டிக்குப் பின்னால் குழந்தைகள் வரப்போகிறார்கள். பயணத்தை நிறுத்தச் சொன்னால் என்ன ஆதாரம் காட்டுவேன்? யார் கேட்பார்கள்?

மலைக்குப் போக முடியாத நாட்களில் கும்பிட, அடிவாரத்தில் எங்கள் அய்யனுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அங்கே போனேன். மண்குதிரைகளுக்கு நடுவில் நின்றேன். பாட்டுப் பாடவோ பேரம் பேசவோ எனக்கு வராது. "அய்யா, என் கண்ணுக்கு எதுவோ படமாட்டேங்குது. நீ காட்டு. எப்படின்னாலும் சரி, காட்டிரு" என்று மட்டும் சொன்னேன். அழுதேன். திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசிக் கூட்டம் எங்கள் வீட்டில். செல்வம் அண்ணனும் அவருடைய கூட்டாளி கணேசனும் பால்கோவா டப்பாவோடு வந்தார்கள். கூடத்தில் வழிப்படத்தை விரித்து, வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா குளிக்கப் போயிருந்தார்.

எங்கள் தெருவில் ஒரு சொறிநாய் உண்டு. முடி முழுக்க உதிர்ந்து, காதில் புண், அதில் எப்போதும் ஈ. வேட்டை நாய்க்குப் பேர் போன ஊரில் அதை யாரும் நாயாகவே மதிப்பதில்லை. நானும் தண்ணீர் ஊற்றி விரட்டுவேன். அந்த நாய் பின்வாசல் வழியாக நேரே கூடத்துக்கு வந்தது. வாயில் எதையோ கவ்வியிருந்தது. எங்கள் நடுவில், வழிப்படத்தின் மேல் அதைப் போட்டு நக்கத் தொடங்கியது.

"ஏலே, எலியத் தூக்கிட்டு வந்திருக்குலே!" என்று கணேசன் காலைத் தூக்கிக்கொண்டார்.

எலி இல்லை. அப்பாவின் கேன்வாஸ் ஷூ. அதற்குள் சுருட்டி வைத்த காலுறை. மஞ்சளும் கறுப்புமாக ஊறியிருந்தது. அதில் புழு நெளிந்தது. நான் ஒரு மாதமாகத் தேடிய நாற்றம் அதுதான்.

"அத வாங்குங்க! யாரும் மோந்து பாக்காதிய!" என்று கத்திக்கொண்டே அப்பா இடுப்பில் துண்டோடு ஓடி வந்தார். வெறுங்கால். அவர் வந்த வழியெல்லாம் தரையில் ஈரத் தடம். வலது காலின் தடம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

எல்லோரும் பார்த்துவிட்டோம். கடைசி இரண்டு விரல்களும் கருகிப் போயிருந்தன. உள்ளங்காலில் ஒரு குழி. கணேசன் வழிப்படத்தின் மேலேயே வாந்தி எடுத்தார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"கல்லு குத்துனதுதான்" என்றார் அப்பா. "வலியே இல்ல தாயி. சத்தியமா வலிக்கவே இல்ல."

செல்வம் அண்ணன்தான் முதலில் எழுந்தார். வாயில் இருந்ததை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, அப்பாவைத் தூக்கித் தன் காரில் கிடத்தினார். சாவியை என்னிடம் எறிந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மூக்கைப் பொத்தவில்லை. நான் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

டாக்டர் ஓர் ஊசி முனையால் அப்பாவின் பாதத்தைத் தொட்டார்.

"தெரியுதா அய்யா?"

"எப்ப தொடுவீக?"

டாக்டர் நாலு இடத்தில் ஏற்கெனவே தொட்டு முடித்திருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிரேக்கில் கோளாறு இல்லை. அதை மிதித்த காலுக்குத்தான் உணர்ச்சி இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது. பெடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. அந்தக் காலை நம்பித்தான் நாலு ஜீப்புகளை மலையேற்ற இருந்தோம்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், அதைவிடத் தள்ளியிருந்தால் உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர். ஏன் மறைத்தீர்கள் என்று அம்மா அழுதபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா மொத வண்டியக் குடுக்க மாட்டாகல்ல."

அய்யனை நம்பும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். கோளாறுகளைத் தேடியே சம்பளம் வாங்குபவள் நான். என்னால் முடிந்த எல்லா இடத்திலும் தேடிவிட்டுத்தான் அவரிடம் போனேன். மாலையில் கேட்டேன், காலையில் காட்டினார். வேட்டைக்குப் போகும் அய்யனாருக்கு எப்போதும் பக்கத்தில் நாய் உண்டு. எனக்கு அனுப்பியது சொறிநாயை. நான் பூவையோ கனவையோ எதிர்பார்த்திருந்தேன். பூ வந்திருந்தால் தலையில் வைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பியிருப்பேன். எல்லோரையும் வாந்தி எடுக்க வைத்த அந்தக் காட்சி வந்ததால்தான் ஒருவராலும் மறுக்க முடியவில்லை.

தை மாதத்தில் மலைக்குப் போனோம். முதல் வண்டியை நான் ஓட்டினேன். "பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டவர்களுக்குச் செல்வம் அண்ணனே பதில் சொன்னார். ஐஸ்பெட்டி வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒவ்வொரு வளைவிலும் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே அய்யனைச் சுற்றி முன்பு வந்தவர்கள் விட்டுப்போன பாட்டில்கள், எச்சில் இலைகள், குழந்தைகளின் டயப்பர்கள். முகம் சுளித்துக்கொண்டே சாக்கில் அள்ளிக் கீழே கொண்டுவந்தோம்.

என் வாழ்க்கையில் மாறியது இதுதான்: அருவருப்பு வந்தால் இப்போது நான் விலகிப் போவதில்லை. குனிந்து பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் காரணம் தெரியாத பயம் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பதில் நல்ல வாசனையோடுதான் வர வேண்டும் என்று சொல்லாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் பாதங்களை இன்றே தூக்கிப் பாருங்கள்.

வேலை முடிந்து வந்ததும் தினமும் அப்பாவின் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து மருந்து போடுகிறேன். விரல் போன இடம் இன்னும் பார்க்கச் சகிக்கவில்லை. நேற்றும் அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அருவருப்பா இருக்குல்ல தாயி?"

"இருக்குப்பா. காலக் குடுங்க."

கொடுத்தார்.